எட்டு நாள் சாட்டு

8.10.2025, புதன்கிழமை.

இது இன்றைய தவறு இல்லை, நேற்றையது. நேற்று மாலை ஏழே கால் மினி பஸ்ஸை விட்டுவிட்டேன். போன் சார்ஜரைத் தேடிக்கொண்டிருந்ததில் ஹார்ன் சத்தம் காதில் விழவில்லை. சிறு தவறுதான். ஆனால் எட்டு மணிக்கு ஊரில் சாட்டுப் போட்டுவிட்டார்கள். நான் ஊருக்குள் இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி சென்னைக்கு ரயில். ஞாயிற்றுக்கிழமை விமானம்.

சரண்யாதேவி இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசி வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள். மதுரையில் வேலை முடிந்து அவள் போகிற சாயங்கால இங்கிலீஷ் வகுப்பில் சார் போட்ட பாடம் இது. தினமும் பத்து வரி எழுத வேண்டும். முதலில் தமிழில், பிறகு அதையே இங்கிலீஷில். என்ன எழுதுவதென்று தெரியாதவர்கள் அன்றைக்குச் செய்த தவறு ஒன்றை எழுதலாம் என்று சார் சொன்னார். இருபத்தோரு பேரில் நான்கு மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதிவருகிறவள் இவள் ஒருத்திதான். அவளைப் பொறுத்தவரை தவறுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. இன்றைக்குத் தமிழ்ப் பக்கம் முடிந்தது. சாட்டு என்பதற்கு இங்கிலீஷில் என்ன எழுதுவதென்று தெரியாமல் எதிர்ப்பக்கத்தை வெறுமனே விட்டு நோட்டை மூடினாள்.

எழுமலையிலிருந்து மினி பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஊத்துப்பட்டி. அங்கே முத்தாலம்மன் பொங்கல் புரட்டாசிக் கடைசியில் வரும். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை பொழுது அடைந்ததும் தப்பு மேளம் அடித்துக்கொண்டு ஊர் எல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வருவார்கள். அதுதான் சாட்டு. அந்த நேரம் ஊருக்குள் இருந்தவர்கள், அடுத்த செவ்வாய் பொங்கல் வைத்து முடிகிறவரை, பகலில் எங்கே வேண்டுமானாலும் போய் வரலாம். ராத்திரி ஊருக்குள் வந்துதான் படுக்க வேண்டும். வேற்றூரில் ராத்தங்கக் கூடாது. அப்படி இருக்க முடியாதவர்கள் தப்புச் சத்தம் கேட்பதற்கு முன்பே எல்லையைத் தாண்டிவிடுவார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்களும் லாரி ஓட்டுகிறவர்களும் திங்கட்கிழமையே ஊரைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். சரண்யாவும் செவ்வாய் மதியம் வந்து, குலசாமியைக் கும்பிட்டு, ஏழே காலுக்குத் திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு.

அவளுடைய அப்பா சிவனாண்டிக்கு இந்த வருஷம் அம்மன் சிலையைத் தூக்கி வருகிற முறை. பங்காளி வீடுகளைச் சுற்றி முறை வர பதினோரு வருஷம் ஆகியிருந்தது. சாட்டன்று மஞ்சள் கயிற்றில் வேப்பிலை வைத்து அவர் கையில் காப்புக் கட்டியாயிற்று. காப்புக் கட்டியவருக்குக் கட்டு இன்னும் கூடுதல். பகலில்கூட எல்லையைத் தாண்டக் கூடாது. செருப்புப் போடக் கூடாது, கட்டிலில் படுக்கக் கூடாது. அவர் அதையெல்லாம் சந்தோஷமாகச் செய்துகொண்டிருந்தார், ராத்திரி கோயிலிலேயே தங்கிவிட்டு, புதன்கிழமை காலையில் வந்து மகள் இன்னும் வீட்டில் இருப்பதைப் பார்க்கிறவரை.

"ஏத்தா, ஒன்னைய ஏழு மணிக்கே போயி பஸ் ஸ்டாப்புல நிக்கச் சொன்னேன்ல?"

"சார்ஜரத் தேடிட்டு இருந்தேம்ப்பா."

"சார்ஜரு! மதுரையில இல்லாத சார்ஜரா? நான் கோயில்ல காப்புக் கட்ட உக்காந்திருக்கேன். எம்மக பஸ் ஏறிப் போயிட்டாண்டு எல்லார்ட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். இங்க வந்து பாத்தா நீ அடுப்படியில பால் காச்சிக்கிட்டு நிக்கிற."

"இப்ப என்னப்பா செய்றது?"

"எங்கிட்டக் கேட்டா? ஒங்க டாக்டரம்மாவக் கேளு, பொங்கல் முடிச்சுட்டு வாரேண்டு."

"ஏரோப்ளேன் அதுவரைக்கும் நிக்காதுப்பா."

"மினி பஸ்ஸே நிக்கலயே," என்றார் சிவனாண்டி. வெறுங்காலோடு வாசலில் இறங்கி, கல் குத்தி, ஒரு காலைத் தூக்கி நின்றுகொண்டு, "போ. போயி ஒங்கம்மாகூட ரெண்டு பார் வெங்காயம் ஊண்டு. இங்க இருந்து என்னத்தக் காணப்போற," என்று சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் போனார்.

சரண்யாவுக்கு இருபத்து மூன்று வயது. ப்ளஸ் டூ முடித்ததும் மதுரையில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற கண் ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு வருஷம் பயிற்சி எடுத்தவள். புரை நீக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணை அளப்பதுதான் அவள் வேலை. கண்ணில் மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, பேனா மாதிரி இருக்கும் கருவியின் நுனியால் கருவிழியைத் தொட்டும் தொடாமலும் தொட வேண்டும். மெஷின் கண்ணின் நீளத்தைச் சொல்லும். அதை வைத்துத்தான் உள்ளே வைக்கப்போகிற லென்ஸின் பவரை முடிவு செய்வார்கள். கொஞ்சம் அழுத்திவிட்டால் கண் குட்டையாகக் காட்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினால் அந்த ஆளுக்கு ஆபரேஷன் நன்றாக நடந்தும் கண்ணாடி இல்லாமல் பார்வை மங்கல்தான், ஆயுளுக்கும். ஒரு கண்ணைப் பத்து முறை அளந்து, ஒத்துப்போகாத அளவுகளைத் தள்ளிவிட்டு, மீதியை எழுதி, சீனியர் நாகஜோதி அக்காவிடம் நீட்டுவாள். அக்கா பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

டிரஸ்ட்காரர்கள் வருஷா வருஷம் வெளிநாட்டுக்கு ஒரு குழுவை அனுப்புவார்கள். ஆஸ்பத்திரியில் அதற்கு 'மிஷன்' என்று பெயர். இந்தத் தடவை ஜாம்பியா. பதினாறு நாள், டாக்டரம்மாவோடு ஆறு பேர். அளப்பதற்கு நாகஜோதி அக்காதான் போக வேண்டியது. அவர் உண்டாகியிருப்பது தெரிந்ததும் சரண்யாவின் பெயரைப் போட்டுவிட்டார்கள். பாஸ்போர்ட், மஞ்சள் காய்ச்சல் ஊசி, விசா எல்லாம் கிடுகிடுவென்று நடந்தன. ஒவ்வொன்றும் நடக்கும்போது, இது எங்காவது ஓரிடத்தில் தட்டிப்போகும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். எங்குமே தட்டவில்லை.

வயலில் தண்ணீர் பாய்ச்சி ஈரமாய் இருந்த மண்மேட்டுப் பார்களில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாய்க் குத்தவைத்து நகர்ந்துகொண்டிருந்தார்கள். மேற்கே மலைப்பக்கம் கருத்திருந்தது. மழை வருவதற்குள் ஊன்றி முடித்துவிட வேண்டும் என்று அம்மா சின்னத்தாய்க்கு அவசரம். சரண்யா முந்தானையில் விதை வெங்காயத்தை அள்ளிக் கட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்துப் பாரில் உட்கார்ந்தாள். நாலு விரல் இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் விரலை வைத்துப் பார்த்து ஊன்றினாள்.

எதிர்ப் பாரில் இருந்த ஒச்சாயி அத்தை, சிவனாண்டிக்குத் தங்கை, இவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏண்டி மருமகளே, வெங்காயத்துக்குமாடி அளவெடுக்குற? நாங்க வரப்புக்குப் போயிட்டோம், நீ இன்னும் மடையிலயே கெடக்க."

"நெருக்கி ஊண்டுனா பருக்காதுல்லத்தே."

"இவ சொல்லித்தான் எனக்குத் தெரியணும். ஏ மதினி, ஒம்மகள ஆப்பிரிக்காவுக்கு அனுப்புறீகளாமே. அங்க என்னத்தத் திம்பாளாம்?"

சின்னத்தாய் தலை நிமிரவில்லை. "மக்காச்சோளத்தக் களி கிண்டித் திம்பாகளாம். டாக்டரம்மா போயிட்டு வந்து சொன்னாகளாம்."

"மக்காச்சோளத்தையா? அதக் கோழித் தீவனத்துக்கில்லடி லாரியில ஏத்துறோம்!" ஒச்சாயி முழங்கையால் பக்கத்துப் பெண்ணை இடித்தாள். "போயிட்டு வாரப்ப றெக்க மொளச்சு வருவா பாரு. அப்பறம் மாப்பிள்ளை பாக்க வேணாம், கூண்டு பாத்தாப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். சரண்யாவும் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் ஒச்சாயியின் குரல் இறங்கியது.

"வெளையாட்டுக்குச் சொன்னேன் ஆத்தா. ஆனா சாட்டத் தாண்டிப் போறது வெளையாட்டு இல்ல. ஒங்கப்பன் கையில காப்பு இருக்கு. நெனப்பு வச்சுக்க."

"நான் எங்கத்தே போறேன்னு சொன்னேன்?"

"போகலேண்டும் நீ சொல்லலயே."

அப்போது போன் அடித்தது. சரண்யா சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வரப்போரம் போனாள். நாகஜோதி அக்கா.

"எங்கடி இருக்க? நேத்தே வந்துருவேன்ன?"

சரண்யா சாட்டு விஷயத்தைச் சொன்னாள். அக்கா பேரையூர்ப் பக்கத்துக்காரி. விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கிழிஞ்சது போ. சாட்டுண்டு தெரியாம ஊருக்குப் போனியா?"

"தெரியும்க்கா. பஸ்ஸ விட்டுட்டேன்."

"நல்லாக் கேட்டுக்க. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மெஷினு பேக்கிங். நீ இல்லாம அதப் பெட்டிக்குள்ள வைக்க மாட்டாக. ஒம்பேருக்கு விசா வாங்கியாச்சு, இனி வேற ஆளப் போட முடியாது. நீ வரலேண்டா மெஷினயும் வச்சுட்டுப் போயிருவாங்க."

"அப்பறம் எப்பிடிக்கா அளப்பாங்க?"

"அளக்க மாட்டாங்க. எல்லாருக்கும் சராசரியா ஒரே பவரு. அந்தக் காலத்துக் கேம்பு மாதிரி. பொருந்துறவங்களுக்குப் பொருந்தும். இன்னைக்குக் காலையில அங்கருந்து லிஸ்ட்டு அனுப்பியிருக்காங்க, நானூத்திப் பன்னெண்டு பேரு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வருவியா மாட்டியாண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிரு. டாக்டரம்மாகிட்ட நான் இன்னும் சொல்லல."

சரண்யா திரும்பி வந்து பாரில் உட்கார்ந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு எண்ணூற்று இருபத்து நான்கு கண், ஒரு கண்ணுக்குப் பத்து அளவு என்று மனது தன்பாட்டுக்குப் பெருக்கிக்கொண்டே போனது. கை வெங்காயத்தைத் தலைகீழாக ஊன்றியிருப்பதைப் பார்த்துச் சின்னத்தாய் பிடுங்கித் திருப்பி ஊன்றினாள்.

சாயங்காலம் சிவனாண்டி கோயிலிலிருந்து ஒரு செய்தியோடு வந்தார். பூசாரி அழகுபாண்டி, சரண்யாவுக்குப் பெரியப்பா முறை. அவரிடம் பேசினாராம்.

"தாண்டுனா என்ன செய்யும் ஏது செய்யும்ண்டு நம்ம பேசி ஆகப்போறது ஒண்ணுமில்ல. ஆத்தாகிட்டயே கவுளி கேட்டுருவோம்ண்டாரு அண்ணன். நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு. உத்தரவு கெடச்சா போயிட்டு வரட்டும். கெடைக்கலையா, வாயப் பொத்திக்கிட்டு இருந்துக்கிற வேண்டியதுதான்."

கவுளி என்றால் பல்லி. கோயிலுக்குள் அம்மனைப் பார்த்து உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வலது பக்கத்தில் பல்லி கத்தினால் உத்தரவு. இடது பக்கம் என்றால் இல்லை. கிணறு வெட்டுவது, கல்யாணம், வழக்கு எல்லாவற்றுக்கும் ஊத்துப்பட்டியில் கேட்பார்கள்.

"கெடச்சுரும்ல?" என்றாள் சின்னத்தாய்.

"அத அந்தப் பல்லியில்ல சொல்லணும்," என்றார் சிவனாண்டி.

சாட்டு முடிகிறவரை எந்த வீட்டிலும் தாளிப்புக் கிடையாது. எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. விளக்கு வைத்த பிறகு சின்னத்தாய் பருப்பை வேகவைத்து, கத்திரிக்காயை அரிந்து அதற்குள் போட்டுக்கொண்டிருந்தாள். சிவனாண்டி குளிக்கப் போயிருந்தார். சரண்யா புளியைக் கரைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

"பாப்பா."

"என்னம்மா."

"நேத்து நான் தொழுவத்துல மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு நின்னேன்."

சரண்யாவின் கை புளிக்குள் நின்றது.

"பஸ்ஸு வந்து ரெண்டு தடவ அடிச்சான். அப்பறம் நின்னு, இன்னொரு தடவையும் அடிச்சான். நீ தோள்ல பைய மாட்டிக்கிட்டுக் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு இருந்த. சன்னல் வழியாத் தெரிஞ்சுச்சு."

அடுப்பில் பருப்பு நுரைத்து மூடியைத் தூக்கியது. சின்னத்தாய் மூடியை எடுத்துக் கீழே வைத்தாள்.

"பாத்தேல்ல, அப்ப ஏம்மா கூப்பிடல?"

"கூப்பிடத்தான் வாயத் தொறந்தேன்." அவள் மகளைப் பார்க்காமல் கத்திரிக்காயின் காம்பை நறுக்கினாள். "இந்தப் பஸ்ஸு போயிருச்சுண்டா பிள்ள இங்கனயே இருந்துருவாண்டு ஒரு நெனப்பு வந்துச்சு. வாய மூடிக்கிட்டேன். அம்புட்டுத்தான். ஒங்கப்பாகிட்டச் சொல்லிராத. காப்பையும் கட்டிக்கிட்டு எங்கிட்டச் சண்டைக்கு வருவாரு."

சரண்யாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. புளித்தண்ணீரை வடிகட்டிவிட்டு, இதுவரை நோட்டில்கூட எழுதாத ஒன்றைச் சொன்னாள். ஆகஸ்ட் மாதம், ஒரே கேம்ப்பிலிருந்து இரண்டு பேச்சியம்மாள்கள் வந்திருந்தார்கள். ஒரே ஊர், ஒரே வயசு, இருவருக்கும் இடது கண். அவள் அளந்து முடித்துச் சீட்டை மாற்றி வைத்துவிட்டாள். ஒருத்திக்கு வைக்க வேண்டிய லென்ஸ் மற்றவளுக்குப் போக இருந்தது. நாகஜோதி அக்கா கையெழுத்துப் போடும்போது, அப்பா பெயரைப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

"அந்த ரெண்டு பேத்துக்கும் இப்ப எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்காக. அக்காதான் பிடிச்சுட்டாகள்ல."

"பெறகென்னத்துக்கு இப்பிடிக் கெடந்து..."

"அங்க அக்கா இருக்க மாட்டாகம்மா. நான் எழுதுறதுதான். அதுக்கு மேல பாக்க ஆள் கெடையாது. அவுக பேரே எனக்கு வாயில வராது. எந்தப் பேரு ஆம்பளைக்கு, எந்தப் பேரு பொம்பளைக்குன்னே தெரியாது."

சின்னத்தாய் புளித்தண்ணீரைப் பருப்பில் ஊற்றிக் கிளறினாள். "உப்புப் பாரு," என்று கரண்டியை நீட்டினாள்.

சரண்யா நக்கிப் பார்த்தாள். தாளிக்காத பருப்பு மண் மாதிரி இருந்தது. "சரியாத்தான் இருக்கு," என்றாள்.

முத்தாலம்மன் கோயில் மூன்று பக்கம் சுவரும் மேலே தகரமும் போட்ட கட்டடம். உள்ளே ஒரு பீடம்தான். சிலை, பொங்கலன்றுதான் குயவர் வீட்டிலிருந்து வரும். வியாழக்கிழமை உச்சிப்பொழுதில் அழகுபாண்டி, சிவனாண்டி, சின்னத்தாய், சரண்யா நால்வரும் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒச்சாயி அத்தை யாரும் கூப்பிடாமலே வந்து பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

"செல்போன அணைங்கப்பா எல்லாரும்," என்றார் அழகுபாண்டி. "போன வருசம் மெசேஜு சத்தத்தக் கவுளிண்டு நெனச்சு ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பாத்தோம்."

சூடம் ஏற்றி, "ஆத்தா, ஒம்பிள்ள கடல் தாண்டிப் போகணும்ங்குது. சாட்டுக்குள்ள மாட்டிக்கிருச்சு. போகவா, இருக்கவா, நீ சொல்லு," என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

காத்திருந்தார்கள். தகரத்தில் வெயில் காய்ந்து, மணக்க மணக்க வேப்பிலை வாடியது. குழல்விளக்குக்குப் பின்னால் இரண்டு பல்லிகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒன்றும் வாய் திறக்கவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று. அரை மணி நேரம் ஆயிற்று. சிவனாண்டியின் முட்டி சடசடத்தது. எல்லோரும் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார்கள்.

"முட்டிண்ணே," என்றார் அவர்.

"ஆத்தா யோசிக்கிறா," என்றாள் ஒச்சாயி. "ஆப்பிரிக்கா எங்கன இருக்குண்டு அவளுக்கும் தெரியணும்ல."

"வாய மூடு ஒச்சாயி," என்றார் அழகுபாண்டி.

வெயில் சட்டென்று அணைந்தது. மேற்கிலிருந்து காற்று வந்து, தகரத்தின் மேல் நாலைந்து பெருந்துளி விழுந்தது. அந்தச் சத்தம் ஓய்ந்த இடைவெளியில், த்ச், த்ச், த்ச் என்று மூன்று முறை கேட்டது.



"வலது," என்றார் சிவனாண்டி.

"என்னண்ணே வலது?" ஒச்சாயி எழுந்தே விட்டாள். "அங்கிட்டு, அந்த மூலையில இல்ல கேட்டுச்சு! இடது."

"ஆத்தா நம்மளப் பாத்து இருக்கா. அவளுக்கு அது வலக்கைப் பக்கம். உத்தரவு குடுக்குறது யாரு? அவதான? அப்ப அவ கை கணக்கா, ஒங்கை கணக்கா?"

"இம்புட்டு வருசமா நம்ம கையத்தான பாத்தோம்?"

"அப்ப இம்புட்டு வருசமாத் தப்பாப் பாத்துருக்கோம்!"

சரண்யா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றுக் காலையிலிருந்து சாட்டு, காப்பு, ஊர் என்று சத்தம் போட்டவர் இப்போது பீடத்துக்கும் மகளுக்கும் நடுவில் கையை நீட்டி, இல்லாத வலதை எப்படியாவது கொண்டுவந்துவிடப் பார்த்தார். அந்தக் கையில் காப்பின் வேப்பிலை காய்ந்திருந்தது.

"அண்ணே, இவளையே கேளுங்க. கண்ணாஸ்பத்திரியில வலது இடதுதான இவளுக்கு வேலையே. சொல்லுத்தா."

அது உண்மைதான். பயிற்சியில் முதல் மாதம் முழுக்க அதுதான் பாடம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது கண் உனக்கு இடது கைப் பக்கம். எப்போதும் அவருடைய வலதுதான் வலது. அதைச் சொன்னால் அப்பாவின் கட்சி ஜெயித்துவிடும். ஆனால் அந்தச் சத்தம் கேட்ட கணத்தில், இடது என்று அறிந்த கணத்தில், தன் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதை அவள் அறிந்திருந்தாள். போக வேண்டாம். சாமியே சொல்லிவிட்டது. யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. அப்படி நினைத்த மறுகணமே வரிசையாய்க் கண்ணில் துணி கட்டி உட்கார்ந்திருக்கும் ஆட்கள் தெரிந்தார்கள், ஒரே பவர் லென்ஸை வாங்கிக்கொண்டு. காது மடல் சுட்டது.

"இடதுதாம்ப்பா," என்றாள். "கேக்குறது நாம. நம்ம கைதான் கணக்கு."

சிவனாண்டி கையை இறக்கினார். ஒச்சாயி மறுபடி உட்கார்ந்தாள்.

"அப்ப முடிஞ்சது," என்றார் அழகுபாண்டி எழுந்துகொண்டே.

"இல்ல பெரியப்பா. நான் போறேன்."

"என்னாத்தா சொல்ற?"

"நான் சார்ஜரத் தேடல. பஸ்ஸு அடிச்சது கேட்டுச்சு. கதவுக்குப் பின்னால நின்னேன், போகப் பயமா இருந்துச்சு. சாட்டு விழுந்துருச்சுண்டா இருந்துரலாம்ண்டு நின்னேன்." நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று வேகமாகச் சொன்னாள். "நான் போயித் தப்பா அளந்தா ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ தப்பாகும். போகலேண்டா ஒருத்தரையும் அளக்கவே மாட்டாக. ஆத்தா எனக்குத் தடை சொல்லல பெரியப்பா, நாந்தான் அவ பேரச் சொல்லி ஒளிஞ்சுக்கிட்டேன்."

மழை இப்போது நின்று பெய்தது. தகரச் சத்தத்தில் யார் பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். சிவனாண்டி மகளை அடிப்பது போலப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். சின்னத்தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கும் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் சின்னத்தாய். "நானும் கூப்பிடல."

"நல்ல குடும்பம்," என்றார் சிவனாண்டி. அழகுபாண்டியிடம் திரும்பி, "அண்ணே, இவ போனா இந்தக் காப்பு என்னாகும்?" என்று கேட்டார்.

"என்னைய ஏண்டா கேக்குற? ஒனக்குத் தெரியாதா? காப்புக் கட்டுனவன் வீட்டு ஆளு சாட்டத் தாண்டுனா அவுத்துற வேண்டியதுதான். சிலையத் தூக்குறது அடுத்த பங்காளிக்குப் போயிரும்."

"மறுபடி எனக்கு முறை வர?"

"பதினோரு வருசம்."

"எனக்கு அப்ப அறுபத்தி நாலு," என்றார் சிவனாண்டி. யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

"அப்பா, வேணாம்ப்பா," என்றாள் சரண்யா. அவர் காதில் வாங்கவில்லை. முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்து அவிழ்த்தார். மஞ்சள் கயிற்றைப் பீடத்தின் மேல் வைத்தார். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

"துன்னூறு குடுப்பீகளாண்ணே இவளுக்கு? இல்ல அதுக்கும் கவுளி கேக்கணுமா?"

"துன்னூறு கேட்டு வந்தவளுக்கு இல்லேண்டு சொல்ல எனக்கு உரிமை கெடையாது," என்று அழகுபாண்டி திருநீற்றுத் தட்டை எடுத்தார். சரண்யாவின் நெற்றி நிறையப் பூசி, மிச்சத்தைத் தாளில் மடித்துக் கொடுத்தார். "அங்க மழை தண்ணி எப்பிடியோ. நனையாம வச்சுக்க."

ஒச்சாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அடியே மருமகளே, அந்தச் சோளக்களி எப்பிடிக் கிண்டுறாகண்டு கேட்டுட்டு வா. ஆயிரந்தான் இருந்தாலும் நம்ம ஊருல வெளையுற பொருளு."

மழை விடுகிறவரை அங்கேயே நின்றார்கள். சிவனாண்டி வாசலில் கிடந்த யாருடைய செருப்பிலோ காலை விட்டுப் பார்த்தார். பொருந்தவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது முன்னால் போய்க்கொண்டே, திரும்பாமல் கேட்டார்.

"மொதப் பஸ்ஸு அஞ்சே முக்காலுக்குத்தான?"

"ஆமாப்பா."

"நானும் மதுரை வரைக்கும் வாரேன். இனி பகல்ல எங்கிட்டும் போலாம்ல. பொழுதடையறதுக்குள்ள வந்துக்கிறேன்." இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்றார். "ஒன்னைய நம்பி ஒத்தையில அனுப்ப முடியாது. எந்தக் கதவுக்குப் பின்னால நிப்பியோ."

அவர் கோபத்தில்தான் சொன்னார். இருந்தாலும் அவரோடு சேர்ந்து நடப்பதற்காகச் சரண்யா எட்டி நடந்தாள். வீட்டுக்கு வந்து நாகஜோதி அக்காவுக்குப் போன் போட்டு, "வாரேன்க்கா," என்று மட்டும் சொன்னாள். இரண்டு தடவை கொல்லைக்குப் போய் வந்தாள். பெட்டியைத் திறந்து, மாத்திரைகளை எண்ணி, மூடி, மறுபடி திறந்தாள். பிறகு நோட்டை எடுத்தாள்.

9.10.2025, வியாழக்கிழமை.

இதுவும் இன்றைய தவறு இல்லை: அப்பாவிடம் செவ்வாய்க்கிழமையே உண்மையைச் சொல்லியிருந்தால், காப்புக் கட்டும் முன்பே ஏதாவது செய்திருக்கலாம். இது சிறு தவறு இல்லை. இங்கிலீஷில் பிறகு எழுத வேண்டும்.

நாளைய வேலை: பத்து மணிக்குள் ஆஸ்பத்திரி. முதலில் மெஷின் சரியாக அளக்கிறதா என்று சோதனைக் கட்டையை வைத்துப் பார்ப்பது. அடுத்து அப்பாவை உட்காரவைத்து, இரண்டு கண்ணுக்கும் பத்துப் பத்து அளவு எடுத்து, நானே கையெழுத்துப் போடுவது. அதுவரை நாகஜோதி அக்காவை அறைக்கு வெளியே இருக்கச் சொல்வது.